பின்னால் போன இரண்டு அண்டா

முந்தாநாள் காலை சமையல்காரர் தவசுப்பிள்ளை வந்து நின்றார். எங்கள் மூத்த மகள் கல்யாணச் சமையலுக்கு, "எத்தன பேருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டார். உன் அக்கா அவரிடம் காபியை நீட்டிக்கொண்டே சிரித்தாள். "எந்தம்பி இருந்தாம்னா எழுவதுன்னு சொல்லி, பாதிப் பேர பட்டினி போட்டிருப்பான்." சிரித்த கையோடு முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. தாய்மாமன் இல்லாமல் கல்யாணம் நடக்கப்போகிறது. எனக்கோ உன்னை நினைத்தால் அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வருகிறது.

எழுபத்தொன்று டிசம்பர், பாகிஸ்தான் சண்டை. அத்தானும் மச்சினனும் ஒரே பட்டாலியன். கால்வாய்க்கு எதிர்க்கரையில் எதிரி எங்கெங்கே இருக்கிறான், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்து வர நம் இருவரையும் அனுப்பினார்கள். கரும்புத் தோட்டத்துக்குள் பகல் முழுக்கக் குப்புறப் படுத்துக் கிடந்தோம். சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்ற தலைகளை நான் எண்ணினேன். எழுபது. நீ தலைகளை விட்டுவிட்டுப் பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"அத்தான், ரெண்டு அண்டா மேட்டுக்குப் பின்னால போவுது. அங்கனயும் ஆளு இருக்கானுவ. நூத்தி நாப்பதுக்குக் கொறையாது."

"சும்மா கெடலே. கழுதைக்குக் கொண்டு போறானுவ."

ஆவி பறக்கும் பருப்பை எந்த ஊர்க் கழுதை தின்னும்? அது எனக்குத் தோன்றவில்லை. உன்னைவிட இரண்டு வருஷம் சர்வீஸ் கூட, உன் அக்காவைக் கட்டியவன் வேறு. அந்த மிதப்பில் இருந்தேன்.

கேப்டன் விவரமானவர். நம்மைத் தனித்தனியாகக் கூப்பிட்டுத்தான் கேட்டார். அந்த வேலையில் அதுதான் முறை. ஒருத்தன் சொல்வது மற்றவன் காதில் விழக்கூடாது. இரண்டும் ஒத்துப்போனால்தான் உறுதியான தகவல். ஒத்துப்போகாவிட்டால் வேறு இரண்டு பேரை அனுப்பிப் பார்த்துவரச் சொல்வார்கள், அவ்வளவுதான். யார் தலையும் போயிருக்காது. நீ என்ன செய்தாய்? கூடாரத்துக்குள் விறைப்பாக நின்று "எழுபது சார்" என்று சொல்லிவிட்டு வந்தாய். அத்தான் பேச்சுக்கு மறுபேச்சு பேசக்கூடாதாம்! வீட்டில் காட்ட வேண்டிய மரியாதையைக் காட்ட உனக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா? கேப்டன் வரைபடத்தில் எழுபது என்று எழுதி, சிவப்புப் பென்சிலால் அடிக்கோடு போட்டார்.

மறுநாள் அந்த எழுபதுக்குத் தகுந்த ஆட்களோடு கால்வாயைத் தாண்டினோம். மேட்டுக்குப் பின்னால் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். நம் பிளட்டூனில் பாதிப் பேர் அந்தக் கரையிலேயே கிடந்தார்கள். நம்மோடு ஒரே ரயிலில் போர்முனைக்கு வந்த சிவகிரிக்காரன் என் கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தான்.

பிறகு விசாரணை வந்தது. அங்கேயாவது உண்மையைச் சொன்னாயா? "எண்ணினது நான்தான் சார். நான் சொன்னதத்தான் அவரும் சொன்னாரு" என்றாய். என்னைக் கேட்டார்கள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

நான் ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். நீ சிப்பாயாகவே ஊருக்கு வந்து பவர்லூம் செட்டில் வேலைக்குச் சேர்ந்தாய். எண்ணத் தெரியாதவன் என்று உன் அக்கா உன்னைக் கேலி செய்யாத தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை. நீ ஈயென்று இளித்துக்கொண்டு இன்னொரு வடையை எடுத்துக்கொள்வாய். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் ஸ்டேஷன் ரோட்டில் உன் சைக்கிளை மறித்தே கேட்டேன்.

"ஏலே, ஒரு வாட்டியாவது என்னய ஏசிரு. நான் அப்பவே சொன்னேம்லான்னு கேளு."

"வுடுங்க அத்தான். அக்கா ஒங்கள அப்பிடிப் பேசுனா ஒங்களால தாங்க முடியாது. எனக்குப் பழகிட்டு."

இந்த மாதிரி ஆளை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்னதான் செய்வது? மன்னிப்புக் கேட்கக்கூட நீ எனக்கு வழி விடவில்லை. நானும் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு வருஷங்களை ஓட்டிவிட்டேன். உன்மேல் வருகிற ஆத்திரத்தில் பாதிக்குமேல் என்மேல் வர வேண்டியது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

முந்தாநாள் உன் அக்கா கண்ணைத் துடைத்ததைப் பார்த்ததும், தவசுப்பிள்ளை நிற்கிறாரே என்றுகூடப் பார்க்காமல் சொல்லிவிட்டேன். "எண்ணுனது நான். ஒந்தம்பி சரியாத்தான் சொன்னான். நான்தான் அவன் வாய அடைச்சேன்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அவன் சொன்னதுதான் சரின்னு அவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"பதினஞ்சு வருசமா அவனப் பாத்து என்னயச் சிரிக்க விட்டியளே" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. சாப்பாடு வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள், என் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை. நீ இருந்தால் வாசலில் நின்றபடியே "வுடுக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பாய், அவளும் விட்டிருப்பாள். பார்த்தாயா, இதிலிருந்து தப்பிக்கவும் உன்னைத்தான் தேடுகிறேன்.