கடைசி வரிசையிலிருந்து ஒரு கேள்வி

மார்ச் 3

என் அருமைத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நேற்று சபை நடவடிக்கையை வானொலியில் கேட்டேன். போர் தொடங்கியதிலிருந்து நீ வாய் திறந்தது ஒரே தடவை. அதுவும், "பின்னாடி ஒண்ணும் கேக்கலீங்க" என்று! தைக்கத் துணி கொண்டுவந்தவர்கள் எல்லாரும் கடையில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இதற்கா வீடு வீடாய் ஏறி இறங்கி உனக்கு ஓட்டுக் கேட்டேன்?

என் பையன், உன் மருமகன், விடுப்பில் வந்துவிட்டுப் போனான். சாப்பிடும்போதே தட்டில் சாய்ந்து தூங்கிவிட்டான். ராணுவ லாரி ஓட்டுகிறவர்களைத் தூங்கவே விடுவதில்லையாம். குண்டு பட்டுப் போனவர்களைவிட, கண் அசந்து பள்ளத்தில் கவிழ்ந்தவர்கள்தான் அதிகமாம். அதைக் கேளேன்டா சபையில். வாய்க்குப் பூட்டா போட்டிருக்கிறார்கள்?

கோபம் பாதி, பாசம் பாதியாக,
அக்கா

மார்ச் 11

அன்பு அக்காவுக்கு,

தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து பார், அப்போது தெரியும். அது கிடக்கட்டும்.

நீ சொன்னதைக் கேள்வியாக எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் என் முறை. ஆனால் நேற்று கட்சிக் கொறடா என்னை ஓரமாகக் கூட்டிப்போய்க் காபி வாங்கிக் கொடுத்தார். அவர் யாருக்குமே காபி வாங்கிக் கொடுத்ததில்லை. அப்போதே எனக்கு உறுத்தியது.

"போர் நேரத்துல இப்படிக் கேட்டா எதிரிக்குத்தான் கொண்டாட்டம். வாபஸ் வாங்கிடுங்க. உங்க அக்கா பையன் லாரிதானே ஓட்டறான்? தலைமையகத்துல ஒரு மேசை வேலை காலியா இருக்கு" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். அவன் உன் பிள்ளை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுது, கேள்வியை வாபஸ் வாங்கிவிடுகிறேன். சத்தியமாக உன்மேல் துளி வருத்தமும் இருக்காது.

உன் பின்வரிசைத் தம்பி

மார்ச் 15

தம்பி,

முதலில் "வாபஸ் வாங்கு" என்றுதான் எழுதினேன். எழுதித் தபால்பெட்டி வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். நான் என்ன தியாகியா? பெற்றவள்.

அங்கே எதிர்க்கடை ரொட்டிக்காரி நின்றிருந்தாள். அவள் மகனும் நம் பையனும் ஒரே லாரியில்தான் இருக்கிறார்கள். "ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஓட்டறாங்களாம் அக்கா. உங்க பையன் பக்கத்துல இருக்கறதாலதான் எம்பையன் கொஞ்சமாவது கண்ணை மூடறானாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நம் பையனை எடுத்துவிட்டால் அவள் பிள்ளை தனியாக ஓட்டுவான். கடிதத்தைப் போடாமல் திரும்பி வந்துவிட்டேன்.

கேளு. சத்தமாகவே கேளு. சபாநாயகர் மணி அடித்தாலும் உட்காராதே.

ஆனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் உன்னைத்தான் திட்டுவேன். நியாயம் இல்லை என்று தெரியும், இருந்தாலும் திட்டுவேன். "என் முகத்துல முழிக்காதே" என்று கதவைச் சாத்துவேன். நீ பாட்டுக்கு மனசு விட்டுப்போய்த் திரும்பிவிடாதே. வாசலிலேயே உட்கார்ந்திரு. எவ்வளவு நேரம் ஆனாலும் உட்கார்ந்திரு. உன்னை விட்டால் எனக்கு வேறு யாருடா இருக்கிறார்கள்? திறந்துவிடுவேன்.

அக்கா