வாசலில் அடித்த ஆணி

இரவு ஷிப்ட் முடிந்து உள்ளே தூங்கும் கணவன் குணாளனுக்கு, பாசிர் கூடாங் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் தேவிகா எழுதினாள்.

"எதிர்வீட்டுக்காரங்க மேல எனக்கு இன்னும் கோவந்தான். தீப்பிடிச்சப்ப புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் பூட்டுன கிரில் கதவப் பிடிச்சிக்கிட்டே கருகிக் கிடந்தாங்க. சாவிய ஒளிச்சு வச்சிருந்தாங்களாம். திருடன் வந்தா வரட்டும்லா. வாசல்ல ஆணி அடிச்சிட்டேன். நம்மகிட்ட இருக்கிற ஒரே சாவி இனிமே அதுலதான் தொங்கும்."

கீழே நெருக்கி எழுதினாள்: "மீன் குழம்பு இருக்கு. போன வாரம் மாதிரி அடுப்புல சுடவச்சிட்டுத் தூங்கிடாதீங்க."

சீட்டை மேசைமேல் வைத்துவிட்டு, வழக்கம்போலக் கிரில்லைப் பூட்டிக்கொண்டு ஓடினாள்.

பஸ் நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு, கைக்குட்டைக்காகப் பைக்குள் விட்ட கையில் சாவி தட்டுப்பட்டது. உடனே கணவனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.