ஏழாம் பாடத்தில் வாய் குவியும் இடம்

என் அஞ்சலையக்காவுக்கு,

காரியத்தன்று உங்கள் சித்தப்பா மகன் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று, "அக்கா, நல்லபடியாப் போய்ச் சேருங்க" என்று பந்தல் அதிரக் கத்தினார். நீங்கள் உயிரோடு இருந்தபோதும் எல்லோரும் உங்களிடம் அப்படித்தான் பேசினார்கள். காது கேட்காது என்று தெரிந்தவுடன் ஏன் குரலை உயர்த்துகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் கத்தப்போவதில்லை, எழுதுகிறேன். படிப்பதில் உங்களை ஏமாற்ற முடியாது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

இதைப் பத்திரிகையில் போடுகிறார்கள். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். ஏழாம் பாடத்தின் கதை உங்களோடு முடியவில்லை, அக்கா. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் இந்தக் கரும்புத் தீவில் லவுத்தோக்கா நகரத்துக்கு வந்ததே இன்னொருவர் விட்டுப்போன நாற்காலிக்கு. கடைசிக் கூவுக்குப் பிறகு எங்கள் தொலைக்கல்வி நிலையத்தில் கணினி பார்த்துக்கொண்டிருந்தவர் குடும்பத்தோடு ஆக்லாந்து போனார், கரூரிலிருந்து என்னை வரவழைத்தார்கள். கூ என்றால் துப்பாக்கியோடு வந்து ஆட்சியைப் பிடிப்பது. இந்த நாட்டில் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு யாரும் மொழிபெயர்ப்புத் தேடுவதில்லை, அவ்வளவு புழக்கம். ஒவ்வொரு கூவுக்கும் இங்கிருந்து ஆசிரியர்கள் விமானம் ஏறுவதும், எங்கள் பக்கத்திலிருந்து ஆசிரியர்கள் வந்து இறங்குவதும் பருவமழை போல நடந்துகொண்டிருக்கிறது.

பாடங்களை வீடியோவாக இணையதளத்தில் ஏற்றுவது என் வேலை. முகப்பில் 'எல்லோருக்கும் கல்வி' என்று பெரிதாகப் போட்டிருந்தோம். அந்த எல்லோரில் நீங்கள் உண்டா என்ற கேள்வி எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. நீங்கள் ரராவாயிலிருந்து பஸ் பிடித்து வந்து கேட்டீர்கள்.

"நீதானே இந்தியாவிலேருந்து வந்த தமிள் பொண்ணு? தங்கச்சி, உங்க வரலாறு மாஸ்டரு மீசை வெச்சிருக்காரு. ஒதடே தெரியலே. எளுத்து போடு, இல்லாட்டி மீசைய எடு."

ஒன்பது வயதில் வந்த காய்ச்சலில் உங்களுக்குக் காது போனது. அதற்குப் பிறகு உங்கள் வீடு மெல்ல மெல்ல இந்திக்கு மாறியது. உங்களுக்கு மட்டும் அந்தச் செய்தி எட்டவில்லை. கரும்புத் தோட்டத்து வீட்டில் அன்றைக்குப் பேசிய தமிழையே நீங்கள் பேசிக்கொண்டிருந்தீர்கள், என் தமிழைப் பார்த்து, "வாய்க்குள்ளேயே மென்னு முளுங்கற" என்று திட்டினீர்கள். தையல் கம்பெனியில் மெஷின் இரைச்சல் உங்களைத் தொந்தரவு செய்யாது என்று வேலை கொடுத்தார்கள். கம்பெனி மூடியதும், காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் உதவி ஆசிரியை ஆகவேண்டும் என்று எங்கள் சான்றிதழ்ப் படிப்பில் சேர்ந்தீர்கள். அதில் இந்நாட்டு வரலாறு கட்டாயம். ஏழாம் பாடம் கூக்களைப் பற்றியது.

எங்கள் டைரக்டர் கவுண்டர் உங்கள் கோரிக்கையின் இரண்டாம் பாதியைத் தேர்ந்தெடுத்தார். பேச்சைத் திரைக்கு அடியில் எழுத்தாகப் போடுவது பல மாத வேலை, மீசை ஒரு காலையில் தீர்ந்துவிடும். சுப்பையா மாஸ்டர் மறு பேச்சில்லாமல் மழித்துவிட்டு வந்தார். "வீட்டுக்காரி ஆள் அடையாளம் தெரியாமே கதவைச் சாத்திட்டா" என்றார். எல்லாப் பாடங்களையும் முதலிலிருந்து திரும்பப் பேசினார். வெறும் உதட்டோடு ஒரு மனிதர் ஒரு நாட்டின் வரலாற்றைச் சொன்னது அதுதான் முதல்முறையாக இருக்கும்.

அடுத்த வாரமே நீங்கள் சலோத்தேயை அழைத்துக்கொண்டு வந்தீர்கள். சிகடோகாப் பக்கத்து ஓட்டலில் துணி வெளுக்கும் இடத்தில் வேலை பார்க்கும் பெண், பிறவியிலேயே காது கேளாதவள், உங்களோடு அதே படிப்பில் சேர்ந்தவள். கைமொழிதான் அவளுக்கு மொழி, உதடு படிக்க வராது. "இவளுக்கு மாஸ்டரு தொட்டியில இருக்கிற மீனு மாதிரி. வாயத் தொறந்து மூடறாரு, அவ்வளோதான். இவளுக்கு யாரு மீசைய எடுப்பே?" என்றீர்கள். நான் எழுத்துப் போட உட்கார்ந்தேன்.

முதலில் கணினியைத் தானாகக் கேட்டு எழுதவிட்டுப் பார்த்தேன். மாஸ்டரின் ஆங்கிலத்தில் 'கேன்' என்ற கரும்பு, 'கென்' என்ற ஆளாகிவிட்டது. கென்னை வெட்டினார்கள், கென்னை ரயிலில் ஏற்றினார்கள், ஆலையில் கென்னைப் பிழிந்து சாறெடுத்தார்கள் என்று திரையில் ஓடியது. நீங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "எங்க தாத்தன் பேரு கென் இல்லே. மத்ததெல்லாம் சரிதான்" என்றீர்கள். பிறகு ஒவ்வொரு வரியையும் நானே கேட்டுத் தட்டினேன். நீங்கள் உதட்டையும் எழுத்தையும் ஒத்துப் பார்த்தீர்கள்.

ஏழாம் பாடத்துக்கு வந்தபோது டைரக்டர் என் மேசைக்கு வந்தார். "மேடம், பேச்சு காத்துலே போயிடும். எழுத்து நிக்கும். யாரும் தேடினா அகப்படும். கூ நை மாங்தா. ஈவென்ட் போடுங்க." நை மாங்தா என்றால் இங்கத்து இந்தியில் வேண்டாம். பத்திரிகைகளில் எதை எழுதலாம் என்று மேலிடம் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. பயப்பட அவருக்குக் காரணம் இருந்தது. எனக்கும் இருந்தது, என் பெர்மிட்டைப் புதுப்பிக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போடுபவர் அவர்தான். கூ என்று மாஸ்டர் சொன்ன இடத்திலெல்லாம் 'ஈவென்ட்', அதாவது நிகழ்ச்சி, என்று தட்டினேன். இதை நான் செய்தேன், அக்கா. மறைக்கப்போவதில்லை.

நீங்கள் அதைக் கண்டுபிடிக்க எத்தனை நேரம் எடுத்தீர்கள்? முதல் வாக்கியம் முடிவதற்குள் திரையில் விரலை வைத்துவிட்டீர்கள்.

"இங்கே வாய் குவியுது. எளுத்து பல்லக் காட்டுது."

நான் வீடியோவை நிறுத்தினேன்.

"மாஸ்டரு கூங்கறாரு. அடுப்பு ஊதற மாதிரி வாயி. நீ எளுதினதுக்கு வாயி இப்படியா போவும்?" என்று கேட்டு, 'ஈ' என்று வாயை இழுத்துக் காட்டினீர்கள். "யாருக்குப் பல்லக் காட்டறே, தங்கச்சி?"

டைரக்டர் சொன்னதைச் சொன்னேன். "ஓகோ. காது கேக்கறவங்களுக்குக் கூ, எனக்கும் சலோத்தேவுக்கும் நிகள்ச்சியா? கல்யாணங்கூட நிகள்ச்சிதான். எங்க தம்பிமாருங்க கல்யாணத்துக்குப் பயந்தா ஓடினாங்க?"

பிறகு முதல் கூவன்று நடந்ததைச் சொன்னீர்கள். வீடு முழுவதும் ரேடியோவைச் சுற்றி நின்றது. எல்லா முகமும் மாறிவிட்டது. "ரேடியோவுக்கு ஒதடு கெடையாது, தங்கச்சி. நான் ஒவ்வொருத்தர் மூஞ்சியாப் பாத்தேன். என்னா என்னான்னு கேட்டேன். அம்மா ஒண்ணுமில்லேன்னுச்சி. அண்ணன் ஒண்ணுமில்லேன்னான். நாலு நாளு களிச்சி, கடையில சாமான் சுத்தின பேப்பர்லே படிச்சேன்." தம்பிகள் உங்களையும் சேர்த்து வெளிநாடு போக மனுப்போட்டபோதும் அதேதான். மருத்துவப் படிவத்தில் உங்கள் காது தகுதியில்லாமல் போய்விட்டது, அந்த நாட்டின் பெயர் இங்கே வேண்டாம். விமான நிலையத்தில் தம்பி முகம் கோணுவதைப் பார்த்து என்ன என்று கேட்டீர்கள். அவனும் ஒன்றுமில்லை என்றான்.

"இப்ப நீயும் அதையே மிஷின்லே எளுதி வெச்சிருக்கே" என்றீர்கள்.

அன்று மதியமே எல்லா இடத்திலும் கூவைத் திரும்பப் போட்டேன். மறுநாள் டைரக்டர் ஏழாம் பாடத்தையே தளத்திலிருந்து எடுத்துவிட்டார், 'தொழில்நுட்பக் கோளாறு' என்று ஓர் அறிவிப்பு. "இப்ப யாருக்குமே இல்லே மேடம். எல்லாரும் ஈக்குவல்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். சமத்துவத்துக்கு இவ்வளவு சுருக்கமான வழி இருப்பது தெரியாமல் உலகத்தில் எத்தனை புரட்சிகள் வீணாகிவிட்டன!

அதற்குள் உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். சர்க்கரை ஆலை ஊரில் பிறந்து சர்க்கரையில் காலை இழந்தீர்கள், அதையும் நீங்களே சொல்லிச் சிரித்தீர்கள். டாக்டர் உங்கள் தலைமாட்டில் நின்று நர்சிடம் பேசியபோது, அவர் முகமூடி போட்டிருந்ததால் என் கையைப் பிடித்து, "என்னா சொல்றான்?" என்றீர்கள். நான் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். என் உதட்டைப் படித்துவிட்டுத் தலையசைத்தீர்கள். "சரி. ஏளாவது வந்திச்சா?" என்றீர்கள்.

வரவில்லை என்றேன். அதையும் சொல்லத்தானே வேண்டும்?

இனி நீங்கள் பார்க்காதது. பரீட்சை நெருங்கியது. ஏழாம் பாடத்திலிருந்து ஒரு கட்டாயக் கேள்வி வரும், எழுதாவிட்டால் சலோத்தேவுக்குச் சான்றிதழ் இல்லை, பள்ளி வேலையும் இல்லை. காது கேட்கிற மாணவர்கள் மாஸ்டர் வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொண்டார்கள். இதே சமயம் தரச் சான்று கொடுக்கும் அமைப்பிலிருந்து ஒரு படிவம் வந்தது. உடற்குறை உள்ளவர்கள் உட்பட எல்லோருக்கும் எல்லாப் பாடங்களும் கிடைக்கின்றனவா? ஆம், இல்லை. தளப் பொறுப்பாளர் கையெழுத்து. ஆம் என்றால் நிலையத்துக்கு ஒரு முத்திரை கிடைக்கும். டைரக்டர் படிவத்தோடு ஒரு பேனாவையும் மூடி கழற்றிக் கொடுத்தார்.

நான் அதை மேசையில் வைத்துவிட்டு மாஸ்டரிடம் போனேன். அவர் ஏழாம் பாடம் முழுவதையும் கையால் எழுதித் தந்தார். சலோத்தே அதைப் படித்தாள், கேள்வி கேட்டு எழுதினாள், மாஸ்டர் பதில் எழுதினார். மூன்றாம் நாள் என் அறைக்கு வந்து, காமிராவுக்கு முன்னால் நின்று பாடம் முழுவதையும் கைமொழியில் நடத்தினாள். கூவுக்கு அவள் ஒரு சைகை வைத்துக்கொண்டாள். ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், நாற்காலி பின்னாலிருந்து உருவப்படுகிறது, உருவியவரே அதில் உட்கார்ந்து சட்டையைச் சரிசெய்துகொள்கிறார். இதைவிடச் சரியான விளக்கத்தை நான் எந்த அரசியல் புத்தகத்திலும் படித்ததில்லை.

ஒலியும் இல்லை, எழுத்தும் இல்லை. அப்படியே ஏழாம் பாடம் என்று ஏற்றினேன்.

டைரக்டர் பார்த்தார். இரண்டாம் முறையும் பார்த்தார். "என்னா சொல்றா இவ?"

"ஒண்ணுமில்லை சார்" என்றேன்.

ஒரு நாள் முழுவதும் எனக்கு அது பெருமையாக இருந்தது, அக்கா. மறுநாள் இல்லை. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு அலுவலகத்தில் நடந்தார். கணக்காளரிடம் கேட்டார், காவலாளியிடம் கேட்டார், யாருக்கும் கைமொழி தெரியவில்லை. பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு மனிதரை அந்த நிலையில் நிறுத்தியதற்கு நீங்கள் என்னைத் திட்டியிருப்பீர்கள். அவருக்கும் எழுத்துப் போடு என்றுதானே சொல்லியிருப்பீர்கள்?

போட்டேன். சலோத்தேயின் ஒவ்வொரு சைகைக்கும் கீழே, அவள் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்க்க, ஒரு சொல்கூட மாற்றாமல். நாற்காலி உருவப்படுகிற இடமெல்லாம் கூ என்றே போட்டேன். வீடியோ ஓடிய அறையில் டைரக்டர் முழுதும் படித்துவிட்டு எழுந்து கதவைச் சாத்தினார்.

"மேடம், நானும் பிரிஸ்பேன் போறேன். விசா பேப்பர் உள்ளே இருக்குது. போலீஸ் சர்டிபிகேட்டு வரணும். அதுவரைக்கும் பொறுங்க. போனப்புறம் என்ன வேணா எழுதுங்க."

பாவம், அவருக்கும் ஒரு படிவம். கோபப்பட நினைத்தேன், முழுதாக வரவில்லை. "அஞ்சலையக்கா பொறுத்துப் பார்த்துட்டாங்க சார்" என்றேன். "உங்க பெர்மிட்டு?" என்றார். தெரியும் என்றேன்.

பிறகு அவர் முன்னாலேயே படிவத்தை எடுத்து 'இல்லை' என்பதில் குறியிட்டேன். காரணம் எழுத விட்டிருந்த மூன்று வரி போதவில்லை, பின்பக்கத்தில் தொடர்ந்தேன். ஏழாம் பாடம் எதனால் காணாமல்போனது, யார் சொல்லி நான் எந்தச் சொல்லை மாற்றினேன், அதை யார் பிடித்தார் என்று எழுதினேன். கண் தெரியாதவர் ஒருவர் நாளை வந்தால் எங்கள் தளத்தில் பாதிப் படங்களுக்கு விளக்கம் இல்லை என்பதையும் சேர்த்தேன். தபாலில் நானே போட்டேன். முத்திரை வராது.

சலோத்தே நேற்றுப் பரீட்சை எழுதினாள். முடித்துவிட்டு நேராக என் அறைக்கு வந்து, கேள்வித்தாளை விரித்து ஏழாம் பாடத்துக் கேள்வியைக் காட்டினாள். பதிலுக்குத் தனியாக இரண்டு தாள் வாங்கினாளாம். தேறுவாளா என்று தெரியாது. ஆனால் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, எழுதினாள்.

பாடம் இப்போது தளத்தில் இருக்கிறது, அக்கா. எடுத்தால் மறுபடி ஏற்றுவேன். என்னை ஊருக்கு அனுப்பினால் கரூரில் உட்கார்ந்து ஏற்றுவேன், அதற்கு மருத்துவப் படிவம் கேட்கமாட்டார்கள். என் கை தட்டுகிற எந்த எழுத்தும் இனி ஒருவர் வாயிலிருந்து வராததைச் சொல்லாது, வந்ததை விழுங்காது. யாருக்காகவும்.

நீங்கள் கூப்பிட்ட முறையிலேயே,
உங்கள் தங்கச்சி
கலைவாணி