டிரம்மில் வைத்த பொட்டு

இன்று ஆயுத பூஜை. ராமநாதபுரம் கோர்ட்டுக்கு எதிரே நாம் இருவரும் சேர்ந்து வாடகைக்குப் பிடித்த அதே அறையில் சந்தனம் குழைத்துக்கொண்டிருக்கிறேன். கதவு, பீரோ, சட்டப் புத்தகங்கள் என்று பொட்டு வைத்துக்கொண்டே வந்தவள், அந்த வாசனை மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். உன் மேல் வந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லையடி. போய்ச் சேர்ந்தவள் மேல் பொறாமைப்படக் கூடாது என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது.

மண்டபம் பக்கத்து இறால் கம்பெனி வழக்கைத்தான் சொல்கிறேன். உரிமமே இல்லாமல் குடோனில் ஆசிட் டிரம்களையும் பிளீச்சிங் பவுடர் மூட்டைகளையும் பக்கம் பக்கமாக அடுக்கியிருந்தார்கள். ஒரு டிரம் ஒழுகி மூட்டைகளை நனைக்க, கிளம்பிய புகையில் அடுத்த கொட்டகையில் இறால் உரித்த பெண்கள் சுருண்டு விழுந்தார்கள். ஒருத்திக்கு இன்றும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் மூச்சு வாங்குகிறது. வழக்கில் மாட்டியது வாட்ச்மேன் மட்டும். முதலாளி சாட்சியாக வந்து, "அந்தக் குடோன் பக்கமே நான் போனதில்ல. வாட்ச்மேன் யாருக்கோ உள்வாடகைக்கு விட்டுருக்கான்" என்று கைகழுவினார். வாட்ச்மேனுக்காக நாம் ஆஜரானோம்.

யார் பொறுப்பு என்று காட்ட நான் பழைய தீர்ப்புகளாகத் தேடி அடுக்கி வைத்திருந்தேன். நீயோ எழுந்து, "உங்க கம்பெனியில ஆயுத பூஜை நல்லா நடக்குமாமே?" என்று கேட்டாய். இவளுக்கென்ன கிறுக்கா என்று நினைத்தேன்.

முதலாளிக்கு முகமெல்லாம் பல். "பரம்பரை வழக்கம்மா. அங்கன கெடக்குற ஒவ்வொரு சாமானுக்கும் எங்கையாலதான் பொட்டு வைப்பேன். வேற ஆளத் தொட விடமாட்டேன்."

"ஒன்னு விடாமயா?"

"ஒன்னு விடாம."

போலீஸ் எடுத்த போட்டோவை நீட்டினாய். ஆசிட் டிரம்கள். ஒவ்வொன்றிலும் சந்தனம், நடுவில் குங்குமம்.

"அப்ப இது யாரு வச்ச பொட்டுங்க?"

அவர் துண்டைத் தேடினார். சாட்சியாக வந்தவரையே குற்றம் சாட்டப்பட்டவராகச் சேர்க்கச் சொல்லி நீதிபதி உத்தரவு போட்டார்.

அந்தப் போட்டோவை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன்! பொட்டு வைக்காத சாமானே இல்லாத வீட்டில் வளர்ந்த எனக்கு அது கண்ணில் படவே இல்லை. பொட்டே வைக்காத வீட்டில் வளர்ந்த கீழக்கரைக்காரி உனக்குத்தான் பட்டது. அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. "என்னடி, மூஞ்சி ஏன் இப்புடி இருக்கு?" என்றாய். தலைவலி என்றேன். நீயா நம்புவாய்! சிரித்துக்கொண்டே உன் மீன் துண்டை என் தட்டில் வைத்து, "பழகுன கண்ணுக்கு எதுவுமே தெரியாதுடி" என்றாய். எனக்கு அது ஆறுதலாக இல்லை. அந்தக் கேள்வி என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டும்.

உத்தரவை எதிர்த்து முதலாளி மதுரை ஹைகோர்ட்டுக்குப் போனார். விசாரணை வருவதற்குள் ஒரு காய்ச்சலில் நீ போய்விட்டாய். போன வாரம் நான் தனியாக நின்றேன். தோற்றால் வாட்ச்மேன் ஒருவரே ஜெயிலுக்குப் போக வேண்டியதுதான். நீதிபதி காகிதத்திலிருந்து நிமிர்ந்து, "இந்தக் குறுக்கு விசாரணை நீங்க செஞ்சதா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல நாக்கு துடித்தது, பொய் சொல்வானேன். உன் பெயரைத்தான் சொன்னேன். முதலாளியின் மனு தள்ளுபடி ஆனது. அவரும் இனிக் கூண்டில் ஏறியாக வேண்டும்.

வெளியே வாட்ச்மேன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அந்தம்மா கேட்ட ஒத்தக் கேள்விம்மா!" நான் தொண்டை வறளப் பேசியது அந்த மனுஷன் காதில் ஏறவே இல்லை. செத்தும் கொடுத்த வள்ளலின் கதை உங்கள் கீழக்கரைக்குப் புதிதா என்ன? வாங்கிக்கொண்டவள் வயிறுதான் எரிகிறது.

இப்போதெல்லாம் எந்தப் போட்டோ வந்தாலும், தினம் பார்க்கிற சாமான் எது என்றுதான் முதலில் தேடுகிறேன். உன் கண்ணைத் திருடிக்கொண்டேன் என்றே வைத்துக்கொள்.

கடைசியாக உன் நாற்காலிக்கு வந்தேன். சந்தனம் விரலில் காய்ந்துவிட்டது. பழகுன கண்ணுக்கு எதுவுமே தெரியாது என்றாயே, இந்த வெறும் நாற்காலி மட்டும் தினமும் தெரிகிறதே, ஏனடி?