பால் காய்ச்சாத பஸ்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
ஆவணி பிறந்த மறுநாள், 2007

அன்புத் தம்பி வெற்றிச்செல்வனுக்கு, அக்கா நிர்மலா ஆசியோடு எழுதுவது. இங்கே நானும் மாமாவும் சுகம். பாரீசில் நீ, வினோதா, பிள்ளைகள் எல்லோரும் சுகமாக இருக்கவேண்டும்.

முதலில் என் மானம் போன கதை. வேறு யாராவது போனில் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை உன் அக்கா ஒரு பள்ளிக்கூட பஸ்சின் அவசர வழி ஜன்னலில் மாட்டிக்கொண்டாள். இடுப்புவரை வெளியே, மீதி உள்ளே. மீதிதான் அதிகம் என்பது உனக்குத் தெரியும். எதிர் வீட்டு அஞ்சலாட்சி, அதான் பிரான்சு பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தாவின் பெண்டாட்டி, போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. ஆளுக்கு ஒரு யோசனை. கடைசியில் தேங்காய் எண்ணெயை ஊற்றி, வெளியே நின்று மாமா இழுக்க, உள்ளே நின்று அஞ்சலாட்சி தள்ள, பிரசவம் ஆன மாதிரி வந்து விழுந்தேன். "என்னக்கா, மாடி கட்டுவீங்கன்னு பார்த்தா டயர் வெச்சு வீடு கட்டறீங்க, அதுலயும் கதவால வரத் தெரியலியே" என்றாள் அஞ்சலாட்சி. எண்ணெய் வழிய வீட்டுக்குள் ஓடினேன்.

ஏது பஸ் என்று கேட்பாய். மாமா இத்தனை வருஷம் ஓட்டினாரே, அதே மஞ்சள் பஸ்தான். பழசாகிவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் கழித்துவிட்டார்கள். மாமாவுக்கும் இந்தக் கோடையிலேயே ஓய்வு. இரும்புக் கடைக்குப் போக இருந்ததைக் கேட்டு வாங்கி நம் தோட்டத்தில் முருங்கை மரத்துப் பக்கம் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். தட்டாஞ்சாவடி பட்டறையிலிருந்து முத்துவேல் வந்து சீட்டுகளை அறுத்தெடுத்தான். பின்னால் கட்டில், நடுவில் அடுப்பு மேடை, படிக்கட்டு ஓரம் குளிக்கத் தகர மறைப்பு. ஜன்னலுக்கெல்லாம் என் பழைய சேலையில் திரை. கட்டிலுக்கு மேலே 'கை, தலையை வெளியே நீட்டாதீர்' இன்னும் அழியவில்லை. முன்பக்கம் 'ஓட்டுநருடன் பேசாதீர்'. நான் ஏதாவது கேட்டால் மாமா வாயைத் திறக்காமல் அதைக் காட்டுகிறார்.

ஆரோவில் பக்கம் வெள்ளைக்காரர்கள் இப்படி ஒரு வண்டியில் குடும்பத்தோடு வந்ததைப் பார்த்தாராம். மோட்டார் வீடாம். நாமும் ஊர் ஊராகப் போகலாம், முதலில் திருப்பதி, அப்புறம் ஊட்டி என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். ஊட்டி மலை வளைவில் பஸ் கவிழ்ந்தால் எப்படி வெளியே வருவது என்று பழகிப் பார்க்கத்தான் நான் அந்த ஜன்னலில் நுழைந்தேன்.

சிரித்து முடித்தாயா? எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கிறதுப்பா. தரைத் தகட்டில் ஓட்டை, கீழே புல் தெரிகிறது. கட்டிலுக்கடியில் கேஸ் சிலிண்டர். ரேஷன் கார்டில் கதவு எண் கேட்டால் பஸ் நம்பரையா எழுதுவது? போஸ்ட்மேன் சுப்ரமணி நேற்று, "ஊர் சுத்தக் கெளம்பிட்டா உங்க லெட்டரை எந்த ஸ்டாப்புல குடுக்கறதும்மா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அப்புறம் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

சித்திரையில் நீ அனுப்பிய ஆள் வந்தார். வீட்டையும் தோட்டத்தையும் டேப் பிடித்து அளந்தார். கிணறு அழகாக இருக்கிறது, லாட்ஜ் ஆக்கினால் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பிடிக்கும் என்றார். மாமா அவருக்கு மோர் கொடுத்தார். டேப்பின் இன்னொரு நுனியையும் மாமாதான் பிடித்துக்கொண்டார். பஸ் வந்தது அதற்குப் பிறகுதான். அப்பா உன் பேருக்கு எழுதிய வீடு, அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இதைப் பற்றி உன்னிடம் ஒன்றும் கேட்கக் கூடாது என்று மாமா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். நானும் கேட்கவில்லை. பஸ்சைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வேலையெல்லாம் ஆனியிலேயே முடிந்துவிட்டது. பால் காய்ச்சுவதுதான் பாக்கி. அதைக் காய்ச்சிவிட்டால் குடிபோனதாக ஆகிவிடும், அப்புறம் அதுதானே வீடு? ஆடியில் யாராவது குடிபோவார்களா என்று சண்டை போட்டு ஒரு மாதம் ஓட்டினேன். கூழ் ஊற்றும்போது, தாயே, இன்னொரு ஆடி கொடு என்று வேண்டிக்கொண்டவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவள் கொடுக்கவில்லை. ஆவணி பிறந்துவிட்டது. இந்த மாதக் கடைசி வெள்ளிக்கு மாமா நாள் குறித்து, புதுப் பால் பாத்திரமும் வாங்கி வந்துவிட்டார். நேற்று அதைப் பரண்மேல் ஒளித்து வைத்தேன். இன்று காலையில் பளபளவென்று துலக்கி அடுப்பு மேடையில் வைத்திருக்கிறார்.

உனக்கு ஒரு சின்ன வேலை. அந்த வெள்ளிக்கு முன்னால் ஒரு போன் போடு. என்னிடம் பேசவேண்டாம், மாமாவிடம் பேசு. ஊட்டியில் குளிர் அதிகம், இந்த வயதில் அலையவேண்டாம், இருக்கிற இடத்திலேயே இருங்கள் மாமா என்று சொல். நீ சொன்னால் கேட்பார். நீ சொன்னால் மட்டும்தான் கேட்பார்.

நீயும் வினோதாவும் பிள்ளைகளும் ஓரிடத்தில் வேர் பிடித்து, வாசல் நிறைய மனுஷரோடு நன்றாக இருக்கவேண்டும்.

இன்னும் அதே கதவு எண்ணில் இருக்கும்
உன் அக்கா
நிர்மலா

பி.கு.: அந்த பஸ்சில் என்ஜின் கிடையாது. பள்ளிக்கூடத்தில் கழற்றிக்கொண்டுதான் கொடுத்தார்கள், லாரியில் கட்டித்தான் இழுத்துவந்தோம். மாமாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தெருவுக்கே தெரியும். மாமா மனசு நோகக் கூடாது என்றுதான் ஜன்னலில் நுழைந்து பழகினேன். என்ஜின் இருந்த பெட்டிக்குள் நான் அரிசி கொட்டி வைத்திருக்கிறேன்.