முப்பத்தொரு முகங்கள்

தின்மாஸ்,
அக்டோபர் 3, 2023

அன்பு ரக்கியா,

உயிரோடு இருக்கிறேன், வயிறு காயவில்லை, தலைக்குக் குளித்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. என் நலம் இவ்வளவுதான். உன் நலத்தையும் பிள்ளைகள் நலத்தையும் நீதான் எழுத வேண்டும். செல்போன் கோபுரம் இன்னும் படுத்தே கிடப்பதால் லாரிக்கார ஹம்முதான் நமக்குத் தபால்காரன். போன முறை உன் கடிதத்தில் பாதியை அவனே படித்துவிட்டு என்னிடம் ஒப்பித்தான்.

நீ அனுப்பிய போர்வையும் மாவும் வந்தன. முப்பத்தொரு வீட்டுக்கும் கொடுத்தாயிற்று. வீடு என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். முப்பத்தொரு கூடாரம். பூமி குலுங்கி ஒரு மாதம்கூட முடியவில்லை, அதற்குள் காலையில் வாளித் தண்ணீர் கையைக் கடிக்கிறது. கைக்குழந்தைகள் ஒன்பது. நாம் இருவரும் தொடங்கிய உதவிச் சங்கத்திடம் நான் கேட்பது ஒன்றுதான்: பனி விழுவதற்குள் கூரைக்குத் தகரமும் மரச்சட்டமும் அனுப்பு. சுவரை இவர்கள் கல்லால் எழுப்பிக்கொள்வார்கள்.

காலி அட்டைப்பெட்டிகளை ஹம்முவிடம் கொடுத்திருக்கிறேன். பெண்கள் அப்படியே அனுப்ப விடவில்லை, அக்ரூட் போட்டு நிரப்பிவிட்டார்கள். இந்த ஊரில் பிறந்த உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

உன் இஜ்ஜா அத்தை உன்னைக் கேட்டாள்.

என்றும் உன்,
இத்தோ


மராக்கேஷ்,
அக்டோபர் 11

அன்பு இத்தோ,

எல்லோரும் நலம். நீ குளிக்கச் சோப்பு அனுப்பியிருக்கிறேன், அதையும் யாருக்காவது கொடுத்துவிடாதே.

அக்ரூட் வந்தது. அதுவே வினையாகவும் போயிற்று. சங்கக் கூட்டத்தில் தலைவர் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்து, "பெட்டி பெட்டியா அக்ரூட் அனுப்புறவங்களுக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. தின்மாஸை இரண்டாம் பட்டியலுக்குத் தள்ளிவிட்டார்கள். அப்படியென்றால் தகரம் ஜனவரியில்தான்.

இதை மாற்ற ஒரு வழி இருக்கிறது. கொடுக்கிறவர்கள் வாங்குகிறவர் முகத்தைப் பார்க்க வேண்டுமாம். வீட்டுக்கு ஒரு பெண், கையில் போர்வை, பின்னால் நம் பதாகை. முகம் தெளிவாக விழ வேண்டும். யார் யார் என்று பெயர்ப் பட்டியல் இத்துடன் இருக்கிறது. முப்பத்தொரு படம் எடுத்து அனுப்பினால் முதல் பட்டியலுக்கு உங்களை இழுத்துவிடுவேன்.

கோபப்படாதே. என் சமையலறையில் நாம் இருவரும் தொடங்கியபோது நம்மிடம் ஒரு தள்ளுவண்டி இருந்தது, இப்போது ஆறு லாரி. அதற்கேற்றபடி கொஞ்சம் வளைந்து கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. குழந்தைகளை நினைத்துப் பிடிவாதத்தை விடு.

உன் ரக்கியா


தின்மாஸ்,
அக்டோபர் 15

ரக்கியா,

உன் கடிதத்தைப் பெண்களுக்கு வாசித்துக் காட்டினேன். மறைத்திருக்கலாம்தான், ஆனால் அவர்கள் முகத்தைக் கேட்கும் கடிதம், அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அக்ரூட்டால் பட்டியலில் இறங்கிவிட்டோம் என்றதும் முதலில் சிரித்தார்கள். பிறகு புரிந்தது. அந்தக் காய்கள் எங்கிருந்து வந்தன தெரியுமா? இடிந்த கற்களைப் புரட்டி, அடியில் கிடந்ததைப் பொறுக்கி, கழுவிக் காயவைத்தவை. தன்னிடம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்த பெண் இந்த மலையில் உண்டா? உன் அம்மா கொடுத்ததுண்டா? நகரத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறந்துவிட்டாய்.

படத்துக்கு வருகிறேன். பதினொரு பேர் புருஷனைப் புதைத்துவிட்டு வெள்ளை உடுத்தியிருக்கிறார்கள். நான்கு மாதம் பத்து நாள் அந்நிய ஆண் கண்ணில் படாமல் இருக்க வேண்டியவர்கள். அவர்களைப் பதாகைக்கு முன்னால் நிறுத்தச் சொல்கிறாய். நீ அனுப்பிய பெயர்ப் பட்டியலில் பதினேழாம் பெயர் யாருடையது என்று பார்த்தாயா? உன் இஜ்ஜா அத்தை. கூடாரத்தில் அவள்தான் முதலில் சொன்னாள்: "கூரைதான இடிஞ்சுச்சு. நாங்க இடியல. போயி எழுதிடு."

எழுதிவிட்டேன். படம் கிடையாது. ஒன்றுகூடக் கிடையாது. நாளை காலை முதல் ஆளுக்கொரு வீடாக இல்லாமல் ஊரே சேர்ந்து ஒவ்வொரு வீடாகச் சுவர் எழுப்பப் போகிறோம். தகரம் வந்தால் போடுவோம். வராவிட்டால் உங்கள் பதாகையைக் கூரையாகப் போட்டுக்கொள்வோம், அதற்காவது உதவட்டும்.

இத்தோ


தின்மாஸ்,
அக்டோபர் 22

ரக்கியா,

ஹம்மு வெறுங்கையோடு வந்தான். கடிதம் இல்லையா என்று கேட்டால் வானத்தைப் பார்க்கிறான்.

ஆறு சுவர் நெஞ்சளவு எழும்பிவிட்டன. வெள்ளை உடுத்தியவர்கள் திரைக்குப் பின்னால் மண் குழைத்துக் கொடுக்கிறார்கள். மேல் சிகரத்தில் நேற்று பனி விழுந்தது. நான் உன்னைக் கடுமையாகப் பேசிவிட்டேன் என்று நினைக்கிறாய் என்றால், ஆமாம், பேசினேன். திரும்ப எழுதினாலும் அதையேதான் எழுதுவேன். ஆனாலும் உன் பதில் எனக்கு வேண்டும்.

இத்தோ


மராக்கேஷ்,
அக்டோபர் 26

அன்பு இத்தோ,

எழுதக் கை வரவில்லை, அதனால்தான் தாமதம். நான் மறந்துவிட்டேன் என்றாய். மறக்கவில்லை, அதுதான் கேவலம். தலைவர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் நானும் அந்த மலைக்காரிதான் என்று தெரிந்துவிடுமே என்று கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டேன். பிறகு வீட்டுக்கு வந்து அதே அக்ரூட்டைத் தின்றேன்.

செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் படங்களைக் கொடுத்தேன். கையில் போர்வை, பின்னால் பதாகை, முகம் தெளிவு. முப்பத்தொரு படம். முப்பத்தொன்றிலும் நான்தான்.

தலைவர் இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, இது என்ன விளையாட்டு என்று கேட்டார். "முகம் வேணும்னு கேட்டீங்க. தின்மாஸ்ல பொறந்த முகம் இது. இத யாருகிட்ட வேணா காட்டிக்கோங்க. அங்க இருக்குற முகத்தக் கேக்காதீங்க" என்றேன். அக்ரூட் ஏன் வந்தது என்பதையும் சொன்னேன். விதியை ஒரு ஊருக்காக மாற்ற முடியாது என்றார். அலுவலகச் சாவியை மேசையில் வைத்துவிட்டு எழுந்தேன். நாம் வைத்த பெயர்ப்பலகை வாசலில் அப்படியே இருக்கிறது, அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

தொண்டர்கள் இருபது பேரில் பதினான்கு பேர் என் பின்னாலேயே படியிறங்கினார்கள். ஆறு லாரியும் சங்கத்துடையவை, அங்கேயே நிற்கின்றன. ஹம்முவின் லாரி ஹம்முவுடையது. தச்சர் தெருவில் போய் நடந்ததைச் சொன்னேன். மரச்சட்டம் கொடுத்தார்கள், அதை அடிக்க நாங்களே வருகிறோம் என்று நான்கு தச்சர்களும் கிளம்பிவிட்டார்கள். தகரம் மட்டும் இருபது கூரைக்குத்தான் கிடைத்தது. மீதி பதினொன்றுக்கு இன்னும் வழி தெரியவில்லை. உன்னோடு உட்கார்ந்தால் தெரியும்.

நாளை வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் புறப்படுகிறோம். இந்தக் கடிதத்தை இன்று போகும் காய்கறி வண்டியில் அனுப்புகிறேன், எனக்கு முன்னால் வந்துவிடும். நான் அங்கே யாரையும் கணக்கெடுக்க வரவில்லை, கல் சுமக்க வருகிறேன். இஜ்ஜா அத்தை திட்டுவாள். திட்டட்டும். இருபது கூரையில் ஒன்று அவளுக்குக் கிடையாது என்று மட்டும் நீயே முதலில் சொல்லிவிடு. என் சொந்தக்காரி என்பதால் முப்பத்தொன்றாவது கூரைதான் அவளுடையது. அதுவரை நானும் அவள் கூடாரத்திலேயே படுத்துக்கொள்கிறேன்.

உன் ரக்கியா