மிதந்து வந்த குடம்

மார்ச் 4, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை நூலக வாசகர் வட்டத்தில் ‘குடத்துக்காரி’ கதைப்பாடலைப் பற்றி நான் பேச வேண்டும். ஒப்புக்கொண்டிருக்கக் கூடாது. நாலு பேர் முன் நின்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

கதை சின்னது. புகுந்த வீட்டில் அடிபட்ட பெண் தண்ணீருக்குப் போகிறாள். குடம் மட்டும் ஆற்றில் மிதந்து தாய்வீட்டுத் துறைக்கு வருகிறது. ஊர் அழுகிறது. குடம் உடல், ஆறு மரணம் என்று எழுதி வைத்தேன். எல்லாரும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

மார்ச் 5, புதன்

புருஷன் வீட்டிலிருந்து வந்திருக்கும் மகளின் கைக்காயம் ஆறிவிட்டது. வேறு ஊரில் வேலையும் கிடைத்திருக்கிறது. ஆனால் மனைவியின் அண்ணன் (என் மனதுக்குள் அவர் பெயர் ஒலிபெருக்கி) வந்து, “குடும்பம்னா முன்னப்பின்ன இருக்கும் மாப்ளே. ஞாயித்துக்கிழமை நானே கார்ல கொண்டுபோய்ப் புருஷன் வீட்ல விட்டுடறேன்” என்றார்.

தலையாட்டினேன். ஆமென்றா, இல்லையென்றா? எனக்கே தெரியவில்லை.

மார்ச் 6, வியாழன்

மகள் என் குறிப்பைப் படித்தாள். “அவ செத்துட்டான்னு பாட்டுல எங்கப்பா இருக்கு?”

தேடினேன். எந்த அடியிலும் இல்லை! இருப்பது இதுதான்:

‘வாய்நிமிந்து வருதடி குடம்
உள்ள ஒரு சொட்டுத் தண்ணியில்ல’

மார்ச் 7, வெள்ளி

குளியலறை அண்டாவை நிரப்பி, செம்பைச் சாய்த்துப் போட்டேன். முழுகியது. கை நழுவ விட்டேன். முழுகியது. நிமிர்த்தி மெல்ல வைத்தால் மட்டுமே மிதந்தது.

“என்னங்க இது, பல்லு போன வயசுல தண்ணி விளையாட்டு?”

“ஆராய்ச்சி.”

“முடிஞ்சா தரையத் தொடச்சுட்டு வாங்க.”

மார்ச் 8, சனி

குடத்தைக் கவிழ்த்து அணைத்துக்கொண்டால் ஆற்றைக் கடக்கலாம். அவள் கடந்திருக்கிறாள்! அக்கரையில் குடத்தை நிமிர்த்தி, நீர் வடித்து, ஒரு பிள்ளையை இறக்கி விடுவதுபோல் ஆற்றில் விட்டிருக்கிறாள். ஊருக்கு அது சாவு. தாய்க்கு மட்டும் வேறு சேதி. ஊரே அழுகிறதே, தாய் அழுததாக ஓர் அடி உண்டா? இல்லை. அவள் குடத்தைத் ‘துடைச்சு உள்ள வச்சா’ என்று பாட்டு முடிகிறது.

யார் கட்டிய பாட்டோ! தேடி வருகிறவன் காதில் விழுந்தாலும் அவள் பிடிபடாதபடி, பாட்டுக்குள்ளேயே ஒளித்து வைத்த கை எப்பேர்ப்பட்ட கை! இத்தனை வருஷம் படித்தும் எனக்குத் தெரியவில்லையே.

ஒருவேளை எனக்கு வேண்டியதை நான் படிக்கிறேனோ? இருக்கலாம். ஆனால் செம்பு முழுகியதே.

மார்ச் 9, ஞாயிறு

பேசினேன். யாரும் எழுந்து போகவில்லை. முன்வரிசையில் ஒலிபெருக்கி.

வாசலில் அவர், “பாட்டு பிரமாதம் மாப்ளே. சரி, புள்ளைய வண்டியில ஏறச் சொல்லுங்க.”

“இல்ல மச்சான். அவ வேலைக்குப் போறா. நானே ரயிலேத்தி விடறேன்.”

“என்னது?”

இரண்டாம் முறை சொல்வதுதான் கடினம். சொன்னேன்.

மார்ச் 10, திங்கள்

என் பச்சைப் பெட்டியைக் கொடுத்தேன். ரயில் நகர்ந்தது.

ஏப்ரல் 3, வியாழன்

பெட்டி பார்சலில் திரும்பி வந்தது. மனைவி திறந்து பார்த்துக் கலங்கிப் போனாள். “காலிப் பெட்டிய அனுப்பியிருக்காளே! நல்லா இருக்கேன்னு போன்ல சொல்றதெல்லாம் நெசந்தானா? அங்க அடி வாங்கினப்பவும் அப்படித்தானே சொன்னா?”

உள்ளே தடவிப் பார்த்தேன். ஒரு தூசி இல்லை.

“கரை சேந்துட்டா” என்றேன்.

பெட்டியைத் துடைத்து உள்ளே வைத்தேன்.